மூன்று ஆப், மூன்று விரல்

ஜூன் 20, வெள்ளி

போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, மாட்டுச் சந்தைக்குப் பின்னால் லாரிகள் நிற்கும் சந்தில் வைத்து என் வலது கையில் மூன்று விரல்களை வெட்டிவிட்டார்கள். ஆள்காட்டி, நடு, மோதிரம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். இடது கையால் தினம் கொஞ்சம் எழுதிப் பழகச் சொன்னார் டாக்டர். எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், படிக்கப்போவது நான் ஒருவன்.

மாட்டு வியாபாரத்தில் நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை பத்தாயிரம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. முப்பது வருஷமாக அந்தத் துண்டுக்கடியில்தான் எனக்குச் சோறு. மூக்கணாங்கயிறு விற்றுக்கொண்டு சந்தைக்குள் நுழைந்தவன் நான். இன்றைக்குச் சென்னியப்பன் கை வைத்த மாடு என்றால் கேரளாக்காரன் பல்லைப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போவான்.

அன்றைக்கு ஒருவன் வந்தான். முகத்தில் தூசிக்குக் கட்டிய துணி, அதற்கு மேல் ஹெல்மெட். "அந்த மயிலைக்காளை என்னுங்க விலை?" என்று துண்டை விரித்தான். பழக்கதோஷம், கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினான். அப்புறம் விரல்களைப் பிடித்தான். விடவில்லை. அப்படியே லாரியின் பின்பலகை மேல் இழுத்துப்போட்டு அழுத்தினான். பக்கத்திலிருந்து இன்னொருவன் துண்டோடு சேர்த்துக் கொடுவாளைப் போட்டான்.

வலி அப்புறம்தான் வந்தது. முதலில் துண்டு சிவந்தது. உதறினேன், விரல்கள் சாணியில் விழுந்தன. பிடித்திருந்தவனும் கத்தினான். அவன் கட்டைவிரலிலும் வெட்டு விழுந்திருக்க வேண்டும்.

கழுத்தில் போட்டிருக்கலாம். போடவில்லை. விரலை எண்ணி எடுத்திருக்கிறான்கள். தொழில் தெரிந்தவன் சொல்லி அனுப்பிய வேலை.

இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார். யாரையும் தெரியாது என்றேன். மணிக்கட்டில் தட்டியதைச் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சிகாமணி வந்தான். என் மனைவி திருமாயாளின் தம்பி, அவளுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். ஆரஞ்சுப்பழமும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தான். கட்டுப்போட்ட கையைப் பார்த்து அழுதான்.

"எந்தத் தேவிடியா பையன்னு மட்டும் தெரிஞ்சுதுன்னா மாமா, சந்தை நடுவுல வெச்சு அறுத்துப்போடுவனுங்."

"அழுவாத மாப்ளே. தொழிலைப் பாரு."

தொழிலை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். பல் பார்ப்பது, சுழி பார்ப்பது, துண்டுக்குள் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டு விரலைப் பிடிப்பது வரைக்கும். அந்தத் தட்டு என்னுடைய வழக்கம், வேறு யாருக்கும் கிடையாது. எத்தனை வருஷம் கேட்டும் துண்டுக்குள் கை விட அவனை நான் விட்டதில்லை. போன தைச் சந்தையில் பல்லை அரம் போட்டுத் தேய்த்த கிழட்டுக் காளையை இளங்காளை என்று வாங்கி வந்து நின்றான். சாட்டையால் நான்கு இழுத்தேன். சந்தையே பார்த்தது. அது அடி இல்லை, பாடம். அவனும் சிரித்துக்கொண்டுதான் வாங்கிக்கொண்டான்.

இனிமேல் சந்தையில் அவன் நிற்பான், நான் வீட்டிலிருந்து வீடியோவில் பார்ப்பேன் என்று முடிவு.

"உங்களுக்கு எதுக்குங் மாமா செரமம்? நாம் பாத்துக்கறனுங்."

"பாக்கறதுல என்ன செரமம்? கண்ணு ரெண்டும் இருக்குதில்ல."

ஜூன் 24, செவ்வாய்

முதல் வீடியோச் சந்தை. பச்சை ஆப். எல்லார் போனிலும் இருக்கிற அதேதான்.

நல்ல குணம்: சிக்னல் இல்லாத மூலையிலும் அறுந்துபோகாது. நாட்டு மாடு மாதிரி, காய்ந்த சோளத்தட்டைப் போட்டாலும் நடக்கும். கெட்ட குணம்: நடக்கிறதே தவிரக் காட்டுவதில்லை. மாடு அசைந்தால் படம் கஞ்சி மாதிரி கலங்கிவிடுகிறது. பல்லைக் காட்டடா என்றால் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. நான்கு பல் இளசா, எட்டுப் பல் முற்றலா, கடவுளுக்கே வெளிச்சம்.

"நாலு பல்லுங் மாமா, நம்புங்க!"

மாடு வீட்டுக்கு வந்தது. கடைவாய் வரை முளைத்த கிழடு. கோபத்தில் கை போனதை மறந்து, வலது கையாலேயே போனை ஓங்கி அறைந்தேன். தையல் பிரிந்து சுவரெல்லாம் ரத்தம். மாயா மஞ்சள் துணியை வைத்து அழுத்திக்கொண்டே, "போனு என்னுங்க பண்ணுச்சு?" என்றாள்.

புதுப் போன் வாங்க வேண்டும்.

ஜூன் 28, சனி

மகள் பிரவீணா பெங்களூரிலிருந்து வந்தாள். கம்ப்யூட்டர் வேலை. வெட்டுப்பட்டது ஆக்சிடெண்ட் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். அவளுடைய பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டாள். போனில் உள்ளங்கை அளவு தெரிவது இதில் முறம் அளவு தெரிகிறது. இந்த வித்தியாசத்தை மாட்டு வியாபாரிகள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: அனுப்புகிறவனுக்குப் போன் போதும், பார்க்கிறவனுக்கு லேப்டாப் வேண்டும்.

அவள் ஆபீசில் பேசுகிற நீல ஆப்பைப் போட்டாள். மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் செவலைக்காளைக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டாள். அவள் முகம் கண்ணாடி மாதிரி தெரிகிறது. காளையைக் காணோம். அவளுக்குப் பின்னால் புகைமூட்டம்.

"கண்ணு, மாடு எங்க போச்சு?"

"இங்கதாம்ப்பா நிக்குது. பின்னாடி இருக்கறத எல்லாம் அது தானா மங்கலாக்கிடும். ஆபீஸ்ல பேசறப்ப வீட்டுக் குப்பை தெரியக்கூடாதில்ல."

"எம்பட மாடு குப்பையா?"

சிரித்தாள். காளை 'ம்மா' என்று கத்தியதை நான் வாசல் வழியாகத் தெளிவாகக் கேட்டேன். லேப்டாப்பில் ஒரு சத்தமும் வரவில்லை.

"அது சத்தத்தை வடிகட்டிடும்ப்பா. மனுசக் குரலை மட்டும்தான் விடும்."

"சந்தையில மனுசன் பேச்சை எவன் கண்ணு கேக்கறான்?"

இரண்டையும் அணைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு நீலம் நன்றாக இருக்கிறது. சீமை மாடு. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் கறக்கும், கொஞ்சம் குறைந்தாலும் படுத்துக்கொள்ளும்.

ஜூலை 1, செவ்வாய்

நீலம், லேப்டாப். சிகாமணி ஒரு எருமைக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தான். நான் எருமையைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று பீடி பற்றவைத்தான். இடது கையால் பற்றவைத்தான். வலது கைக் கட்டைவிரலில் பெரிய கட்டு.

"மாப்ளே, கொஞ்சம் எடப்பக்கம் நகரு."

"ஏனுங் மாமா?"

"எருமையோட வாலைப் பாக்கோணும்."

நகர்ந்தான். பீடிக்காரன் நிமிர்ந்து போனைப் பார்த்தான். சிகாமணியும் திரும்பி அவனைப் பார்த்தான். அந்த ஒரு நொடி இரண்டு பேர் முகமும் என் முறத்தில் இருந்தது. உடனே படம் வானத்துக்குப் போனது, அப்புறம் இருட்டிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துப் பச்சை ஆப்பில் கூப்பிட்டான். "நீலம் வேண்டாமுங் மாமா, பேட்டரியக் குடிக்குது. பச்சையே தேவலை. எனக்கும் அதுதான் கைப்பழக்கம்."

"சரி மாப்ளே. உனக்கு எது தோதோ அதைப் பண்ணு."

எருமை நல்ல எருமை.

ஜூலை 3, வியாழன்

தையல் பிரித்தார்கள். இல்லாத விரல் அரிக்கிறது. சொறிய இடமில்லை.

ஜூலை 5, சனி

பிரவீணாவிடம் போனில் கேட்டேன். பேட்டரி குடிக்காத ஆப் வேண்டும், படம் கலங்கக் கூடாது, எதையும் மறைக்கக் கூடாது என்றேன். ஆரஞ்சு நிறத்தில் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். யாரோ சின்னக் கம்பெனியாம். அழகுபடுத்தத் தெரியாதாம். உள்ளது உள்ளபடி காட்டுமாம். டேட்டா மட்டும் மூட்டை மூட்டையாகத் தின்னுமாம்.

வேறொரு குணமும் சொன்னாள். திரையை அணைத்துப் பையில் போட்டாலும் ஆரஞ்சில் போட்ட வீடியோ கால் அறுந்துபோகாது. படம் நிற்கும், பேச்சு ஓடிக்கொண்டேயிருக்கும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் நிற்கும். "கவனமா இருங்கப்பா, நிறைய பேர் கட் ஆயிருச்சுன்னு நெனச்சுட்டு வேற எதையாவது பேசி மாட்டிக்குவாங்க."

நீலம் அப்படியில்லை, திரை அணைந்தால் அதுவும் தூங்கிவிடும்.

சிகாமணியை வீட்டுக்கு வரச்சொல்லி அவன் போனில் ஆரஞ்சைப் போட்டுக்கொடுத்தேன். திரையை அணைத்தால் நின்றுவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

வெயில் கடுமை. மாட்டுக்கொட்டகைக்குத் தகரம் மாற்ற வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

ஆரஞ்சு. பல், சுழி, கொம்பு, எல்லாம் கையில் பிடித்துப் பார்த்த மாதிரி தெரிந்தது. இந்த ஆப் காங்கேயம் காளைதான், தின்கிற தீனிக்கு இழுக்கிறது. இரண்டு ஜோடி முடித்தோம். "அவ்ளோதானுங் மாமா, வெச்சர்றனுங்" என்றான். திரை கறுத்தது. நான் லேப்டாப்பை மூடவில்லை.

மாயா பக்கத்தில் உட்கார்ந்து என் கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். பையின் துணி உரசுகிற சத்தம், மாட்டு மணி, டீக்கடை. அப்புறம் அவள் தம்பியின் குரல்.

"மூணு போதும்னு எண்ணித்தான்டா சொன்னேன். நீ உன்னோட கட்டவெரலையும் சேத்து வெட்டிக்கிட்டு வந்து எங்கிட்ட அழுவறே."

"அந்தாளு நம்மளப் பாத்துட்டானுங்ணா அன்னிக்கு."

"பாத்துட்டான்தான். வெரலை எடுத்தா மூலையில உக்காருவான்னு பாத்தேன். வூட்டுல உக்காந்துட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டுப் பல்லை எண்றான் கெழவன். சந்தையே சிரிக்குது, சிகாமணி அவனுக்குப் போன் தூக்கற ஆளுன்னு. இனிக் கண்ணைத்தான் எடுக்கோணும். ஆடி பொறக்கட்டும்."

"கண்ணையுங்களா?"

"ரெண்டையும்."

டீக் கிளாசு வைக்கிற சத்தம். யாரோ எருமை விலை கேட்டான். "வாங்கண்ணா, வாங்க" என்று சிகாமணி சிரித்தான்.

மாயாவின் கை நிற்கவில்லை. பஞ்சை எடுத்தாள், துடைத்தாள், மருந்து வைத்தாள், துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். முடிச்சு ரொம்ப இறுக்கம். எழுந்து போகும்போது, "சோறு ஆறுதுங்க" என்றாள்.

ஆடி பிறக்க ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது.

ஜூலை 9, புதன்

லாரி டிரைவர் ரங்கசாமியை அனுப்பி அந்தக் கட்டைவிரல்காரனைப் பார்த்துவரச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்தான். லாரி ஜாக்கியில் ரத்தம் இருந்தது, கழுவச் சொன்னேன். அந்த ஆள் இனி பைக் ஓட்ட மாட்டான், நடப்பானா என்பதும் சந்தேகம். கொடுவாள் போட்டவன் அவன் அண்ணன் மகனாம், நேற்றே திருப்பூருக்கு ஓடிவிட்டான். அவன் கூலிக்காரன். எனக்கு அவன் வேண்டாம்.

சிகாமணிக்குப் போன் போட்டேன். "மாப்ளே, நாளைக்கு வா. பட்டி மாட்டை எல்லாம் உம்பேருக்கு மாத்திப்போடலாம். எனக்கு இனி முடியாது."

"எதுக்குங் மாமா இப்ப அவசரம்?" என்றான். குரலில் சந்தோஷம் ஒழுகியது.

ஜூலை 10, வியாழன்

இன்று எழுதவில்லை. கொட்டகையைக் கழுவவே பொழுது போய்விட்டது.

ஜூலை 11, வெள்ளி

நேற்றைக்கு நடந்ததை எழுதுகிறேன்.

சிகாமணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கொட்டகைக்குள் கூட்டிப்போனேன். கதவுக்குப் பின்னால் நின்ற ரங்கசாமி அவன் பிடரியில் ஒன்று வைத்தான். கட்டுத்தறியோடு சேர்த்து மாட்டுக்கயிற்றால் கட்டினோம். இரண்டு கையும் முன்னால் இருக்கும்படி கட்டச் சொன்னேன். பக்கத்தில் சோளத்தட்டு வெட்டுகிற மிஷின். சுவிட்சைப் போட்டேன். மிஷின் ஓடுகிற சத்தத்தில் மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன.

"மாமா, என்னுங் இது? மாமா!"

நான் அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஆரஞ்சைக் காட்டினேன். "இது பையில போட்டாலும் அறுவாது மாப்ளே. சொல்லித்தர மறந்துட்டேன்."

முகம் வெளுத்தது. அப்புறம் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சிரித்தான்.

"சந்தையே பாக்க என்னை மாடு மாதிரி அடிச்சீங்களே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டனுங். அடிங்க. வெட்டுங்க. உங்க கம்ப்யூட்டர்ல போட்டு ஊருக்கே காட்டுங்க. கெழட்டு நாயி, துண்டுக்குள்ள கை விட இனி உனக்கு என்ன இருக்குது? ரெண்டு குச்சி!"

இடது கையால் வாயில் குத்தினேன். பல் ஒன்று போனது. இன்னொன்று குத்தினேன். இடது கைக்கும் பலம் வந்துவிட்டது, டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவன் வலது கையைப் பிடித்து மிஷின் வாய்ப் பக்கம் இழுத்தேன். ரங்கசாமி முழங்கையை அமுக்கினான். அப்போதுதான் அவன் கத்தினான். "அக்கா! அக்கோவ்!"

மாயா வந்தாள். ஓடி வரவில்லை. வரும் வழியில் கொடியில் காய்ந்த என் சந்தைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். முதலில் மிஷின் சுவிட்சை அணைத்தாள். தம்பி பக்கம் திரும்பவே இல்லை. என் முன்னால் நின்று துண்டை விரித்தாள்.

"கையைக் குடுங்க."

"நீ உள்ள போ புள்ள."

"இவனுக்கு என்ன விலைன்னு நாங் கேக்கறேன். நீங்க விக்கறீங்க. குடுங்க கையை."

அவள் சந்தைக்கு வந்தது கிடையாது. ஆனால் கல்யாணமான புதிதில் அடுப்படியில் உட்கார்ந்து விளையாட்டுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இடது கையைத் துண்டுக்குள் விட்டேன். அவள் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினாள்.

நான் அவளுடைய மூன்று விரலைப் பிடித்தேன். உருவிக்கொண்டு என் கையைத் தள்ளிவிட்டாள். விலை கிடையாது என்று அர்த்தம். மறுபடி மூன்று. மறுபடி தள்ளினாள். கயிற்றில் கிடந்தவன் வாயில் ரத்தத்தோடு எங்கள் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். துண்டுக்கு மேலே ஒன்றும் தெரியாது. அவன் பல வருஷமாக நுழையப் பார்த்த இடம் அது.

இரண்டு விரலுக்கு இறங்கினேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"போன தையில சந்தை நடுவுல எந்தம்பிய சாட்டையால இழுத்தீங்களே, அதுக்கு நான் உங்ககிட்ட வெலை கேட்டனுங்களா?"

சந்தையில் இவள் நின்றிருந்தால் என்னைவிடப் பெரிய ஆளாக வந்திருப்பாள். என் சுண்டுவிரல் ஒன்றை மட்டும் பிடித்தாள். பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் உருவிப் பார்த்தேன், விடவில்லை. கடைசியில் தலையை ஆட்டினேன்.

"எத்தனைக்கா? அக்கா, எத்தனை?" என்றான் சிகாமணி.

துண்டை எடுத்து உதறி அவன் வாய்க்குள் திணித்தாள். "கண்ணை மூடிக்கடா" என்றாள். கொடுவாளை ரங்கசாமியிடமிருந்து அவளே வாங்கி என் இடது கையில் கொடுத்தாள். அவளே அவன் இடது கையைத் தறிக்கட்டை மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். இடது கையால் வெட்டிப் பழக்கமில்லை. இரண்டாவது போட்டில்தான் வந்தது.

காயத்தைக் கட்டி, ரங்கசாமியோடு காரில் வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். தட்டு வெட்டும்போது மிஷினில் போய்விட்டது என்று சொல்லச் சொன்னாள். அப்புறம்தான் வாசலில் போய் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போனேன். "கிட்ட வராதீங்க" என்றாள். மற்ற ஷரத்துகளை அங்கிருந்தே சொன்னாள். நான் கொட்டகை வாசலில் நின்றே ஒப்புக்கொண்டேன்.

இன்று காலை சிகாமணியிடமிருந்து முதல் வீடியோ கால் வந்தது. லேப்டாப்பை அவளே திறந்தாள். வீங்கிய முகம், ஆஸ்பத்திரிக் கட்டில். "விரிடா" என்றாள். விரித்தான். ஒவ்வொரு விரலாகத் திரையில் தொட்டு எண்ணினாள். மூடிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனாள். எனக்குக் காப்பி வரவில்லை.

படிந்த விலை: ஒரு விரல், சிகாமணியின் இடது கைச் சுண்டுவிரல், கைமேல் கொடுத்தாயிற்று. சிகாமணி சந்தைக்குள் கால் வைக்கக் கூடாது. பிரவீணாவுக்கு யாரும் எதையும் சொல்லக் கூடாது. தினம் காலையில் பால் கறக்கும் நேரத்துக்கு அவன் அக்காவை வீடியோவில் கூப்பிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். ஒன்பது இருக்கிற வரைக்கும் இவள் என் வீட்டில் இருப்பாள். ஒரு நாள் எட்டு என்று தெரிந்தால் அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவாள். வீடியோ கால் ஆரஞ்சு ஆப்பில்தான் வர வேண்டும். பச்சையில் வந்தால் செல்லாது.